உஷார்! வீட்டில் கட்டும் பேஸ் ஆம்ப்: கம்பியில் கை வைக்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

குண்டனி நாட்டிலோ, கொல்லிமலையின் மற்ற நாடுகளில் எதிலோ, பழைய ஹோம் தியேட்டரைப் பிரித்துப்போட்டு அதன் போர்டில் பேஸ் கிட்டார் ஜாக்கைப் பற்றவைத்துக்கொண்டிருக்கும் தம்பி யாராவது இருந்தால், முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. பிளக் சுவரை விட்டு வெளியே வந்தபின் மேற்கொண்டு படியுங்கள்.

ஆடி 17, 18-இல் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா, ஊர்ப் பண்டிகைகள், டிசம்பரில் தேவாலயப் பாட்டு என்று மலையில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. கீபோர்டுக்கும் மைக்குக்கும் வாடகை செட் போதும். பேஸ் கிட்டார்தான் தகராறு. அதை வாடகை செட்டில் கொடுத்தால் சத்தம் அமுங்கிப்போகிறது. கடை ஆம்ப் வாங்கலாம் என்றால் விலை கையைக் கடிக்கிறது. ‘நாமே கட்டினால் என்ன?’ என்ற யோசனை அப்போதுதான் வருகிறது. சேலத்துக் கடைகளிலும் சென்னை ரிச்சி தெருவிலும் போர்டு, டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர் எல்லாம் உதிரியாகக் கிடைக்கின்றன. டீக்கடை, சலூன், மினி பஸ் என்று தமிழ்நாட்டில் பாடிய ஆம்ப்ளிஃபையர்களில் எத்தனையோ இப்படி அசெம்பிள் செய்தவைதான். யோசனையில் தப்பில்லை.

ஆனால் டீக்கடை ஆம்ப் யார் உடம்பையும் தொடுவதில்லை. கிட்டார் ஆம்ப் தொடுகிறது. ஆபத்து முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில் இருக்கிறது.

கம்பி எங்கே போய்ச் சேர்கிறது?

பேஸ் கிட்டாரின் உலோகக் கம்பிகள் பிரிட்ஜின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. பெரும்பாலான கிட்டார்களில் பிரிட்ஜுக்கு அடியில் ஒரு மெல்லிய ஒயர் ஒளிந்திருக்கும். அது ஜாக்கின் வெளிப்பகுதிக்குப் போகிறது. அங்கிருந்து கேபிளின் ஷீல்டு, ஷீல்டிலிருந்து ஆம்பின் கிரவுண்டு, கிரவுண்டிலிருந்து ஆம்பின் தகர உடம்பு. இரைச்சலைக் குறைப்பதற்காகவே இப்படிக் கட்டுகிறார்கள். பாட்டு முடியும்வரை வாசிக்கிறவரின் கை கம்பியை விட்டு எடுபடாது. ஆகவே பாட்டு முடியும்வரை அவருடைய இரண்டு கையும் ஆம்பின் தகரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன.

டிரான்ஸ்பார்மருக்குப் போகும் 230 வோல்ட் லைன் ஒயரை எலி கடிக்கலாம், பற்றவைப்பு விட்டுப்போகலாம், ஒரு நட்டு கழன்று விழலாம். அந்த ஒயர் தகரத்தைத் தொட்ட நொடியில் கிட்டார் கம்பியில் 230 வோல்ட். எர்த் சரியாக இருந்தால் ஃபியூஸ் போகும், ஆள் தப்பிப்பார். எர்த் இல்லையென்றால் மின்சாரம் ஆளுக்காகக் காத்திருக்கும்.

ஆள் எப்படி வருகிறார் பாருங்கள். கோயில் வாசலில் காலில் செருப்பு இருக்காது. தரை தண்ணீர் தெளித்துக் கூட்டிய தரை. முகத்துக்கு எதிரே நிற்கும் மைக் வேறொரு செட்டைச் சேர்ந்தது. கோரஸ் பாட உதட்டை அதில் வைத்தால், கையில் நுழைந்த மின்சாரம் நெஞ்சைத் தாண்டி உதடு வழியே வெளியேறும்.

1972 மே 3 அன்று பிரிட்டனின் சுவான்சி நகரில் ‘ஸ்டோன் த க்ரோஸ்’ குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையிலேயே இப்படி இறந்தார். கை கிட்டாரில் இருந்தபோதே, சரியாக எர்த் ஆகாத மைக்கைத் தொட்டார். வயது 27. 1976 மே மாதம் ‘யார்ட்பேர்ட்ஸ்’ குழுவின் முன்னாள் பாடகர் கீத் ரெல்ஃப், எர்த் சரியில்லாத கிட்டாரைத் தன் வீட்டில் வாசித்துக்கொண்டிருக்கையில் இறந்தார். வயது 33. பெரிய மேடை கண்டவர்கள், பழகிய கைகள். எர்த் தவறியதும் எதுவும் உதவவில்லை.

‘சுருக்’கென்றால் நிறுத்துங்கள்

கம்பியைத் தொட்டதும் விரலில் எறும்பு ஊர்வதுபோல ஒரு கூச்சம், சில சமயம் ‘சுருக்’. வீட்டில் கட்டிய ஆம்பில் வாசித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அதற்கு நாம் கண்டுபிடித்து வைத்திருக்கும் வைத்தியங்களும் தெரிந்திருக்கும்: செருப்புப் போட்டுக்கொண்டு வாசி, ரப்பர் பாயில் நில், டூ பின் பிளக்கைத் திருப்பிப் போடு.

டாக்டர் பால் பிராண்டு 1914-இல் இந்தக் கொல்லிமலையில்தான் பிறந்தார். பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவை சிகிச்சையால் மீட்டுக்கொடுத்தவர். அவர்களுடைய விரல்கள் சிதைவதற்குப் பெரிய காரணம் வலி தெரியாமல் போவதுதான் என்று உலகத்துக்கு எடுத்துக்காட்டியவர். வலி உடம்பின் காவல்காரன் என்பதை வாழ்நாளெல்லாம் சொன்னார். கம்பியில் வரும் அந்தச் ‘சுருக்’கும் காவல்காரன்தான். ஆம்பின் உடம்பில் மின்சாரம் கசிகிறது என்று சொல்ல வந்திருக்கிறான். செருப்பைப் போட்டு அவன் வாயை அடைத்தால் கசிவு நின்றுவிடாது. அன்றைக்கு வாசிப்பை நிறுத்துங்கள். ஆம்பைக் கழற்றி, எர்த்தையும் டிரான்ஸ்பார்மரையும் சோதித்த பிறகே மறுபடி கம்பியைத் தொடுங்கள்.

இதைவிட மோசமானது, இரைச்சலை அடக்குவதற்காக எர்த் பின்னை வெட்டுவது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் தடித்த ‘இ’ கம்பி 41 ஹெர்ட்ஸ், அடுத்த ‘ஏ’ கம்பி 55 ஹெர்ட்ஸ். கரண்டின் ‘ஹம்’ இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்கிறது. சின்ன ஸ்பீக்கரில் காதுக்கே எட்டாத ஹம், பேஸ் பெட்டியில் ‘உம்ம்ம்’ என்று உயிரை வாங்கும். எர்த் பின்னை எடுத்துவிட்டால் அது சில சமயம் அடங்கிவிடும். ‘சரியாயிடுச்சுப்பா!’ என்று எல்லோரும் கைதட்டுவார்கள். சரியானது சத்தம் மட்டும்தான். ஆளைக் காப்பாற்ற இருந்த ஒரே ஒயரும் அதோடு போயிற்று.

ஹம்முக்கு வேறு வழிகள் உண்டு. எல்லா கிரவுண்டு ஒயரையும் ஒரே புள்ளியில் சேருங்கள். இன்புட்டுக்கு ஷீல்டு ஒயர் போடுங்கள். டிரான்ஸ்பார்மரை இன்புட்டிலிருந்து தள்ளி வைத்துக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். கிட்டார் ஆம்புக்கும் மைக் செட்டுக்கும் ஒரே பலகையிலிருந்து கரண்ட் எடுங்கள். இரண்டையும் கேபிளால் இணைக்க வேண்டுமானால் நடுவே ஒரு டி.ஐ. பாக்ஸ் வையுங்கள். அதில் உள்ள கிரவுண்டு லிஃப்ட் ஸ்விட்ச் சிக்னல் ஒயரை மட்டும்தான் பிரிக்கும், பிளக்கின் எர்த்தைத் தொடாது.

மூன்று ஓட்டை இருந்தால் எர்த் இருக்கிறதா?

இல்லை. சாக்கெட்டின் மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லாத வீடுகள் உண்டு. ஒயர் இருந்து, அது போய்ச் சேரும் குழி செத்துப்போன வீடுகளும் உண்டு. மலையில் இது இன்னும் சிக்கல். பாறை நிலத்தில் குழி ஆழமாக இறங்காது. கோடையில் மண் காய்ந்தால் இறங்கிய எர்த்தும் வேலை செய்யாது. டெஸ்டரை வைத்துப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். டெஸ்டர் லைனைக் காட்டும், எர்த் இருக்கிறதா என்று காட்டாது. லைசென்ஸ் உள்ள ஒயர்மேனை அழைத்து அளக்கச் சொல்லுங்கள்.

எர்த் இல்லையென்று தெரிந்ததும் சிலர் நியூட்ரலிலிருந்தே ஒரு துண்டு ஒயரை எடுத்து எர்த் ஓட்டையில் சேர்த்துவிடுவார்கள். கொலைகார வேலை. எங்காவது நியூட்ரல் அறுந்தால், ஆம்பின் தகரமும் கிட்டார் கம்பியும் அந்த நொடியே லைனாகிவிடும்.

‘எங்கள் வீட்டில் எம்.சி.பி. இருக்கிறது’ என்பீர்கள். எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஈரமான உடம்பின் தடையை ஏறக்குறைய 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 வோல்ட்டில் 0.23 ஆம்பியர் ஓடும். நெஞ்சு வழியாகப் போனால் இதயத் துடிப்பைக் குலைக்க அது தாராளம். 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கோ அது ஒரு சின்ன விளக்கு எரிகிற மாதிரிதான், அசையாது. ஆளைக் காப்பாற்ற வந்தது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் ஒத்துப்போகவில்லை என்றால், 0.3 வினாடிக்குள் அது இணைப்பை வெட்டிவிடும். ஆம்ப் கட்டும் மேஜைக்கும் வாசிக்கும் இடத்துக்கும் ஆர்.சி.சி.பி. வழியாக மட்டும் கரண்ட் வரட்டும். அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

திருவிழாவில் ஜெனரேட்டர் ஓடினால் இன்னொரு எச்சரிக்கை. ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு சேர்க்கப்படாமல் மிதந்தால் ஆர்.சி.சி.பி. வேலை செய்யாமல் போகலாம். அதைச் சரிபார்ப்பது எலக்ட்ரீஷியன் வேலை, அவரிடம் கேட்டுவிட்டு மேடை ஏறுங்கள். தெருக்கம்பியில் கொக்கி போட்டு எடுக்கும் கரண்டில் கிட்டாரைத் தொடவே தொடாதீர்கள். அதில் எர்த்தும் கிடையாது, பாதுகாப்பும் கிடையாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-ஆவது பிரிவில் அது மின்திருட்டு, மூன்று ஆண்டுவரை சிறை.

மலிவான வயர்லெஸ் கிட்டார் டிரான்ஸ்மிட்டர் ஒன்று வைத்துக்கொண்டால் கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே ஒயரே இருக்காது, கம்பி வழியே ஷாக் வரும் பாதை அறுந்துபோகும். கோயில் வாசலில் வெறுங்காலோடு வாசிக்கிறவர்களுக்கு நல்ல துணை. ஆனால் எர்த்துக்கு மாற்று அது ஆகாது. ஆம்பின் வால்யூம் குமிழைத் திருகப் போகும் கை தகரத்தைத்தான் தொடப்போகிறது.

போர்டில் எழுதியிருக்கும் வாட்ஸை நம்பாதீர்கள்

‘300 வாட்ஸ்’ என்று போர்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பேனாவை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 24-0-24 டிரான்ஸ்பார்மர் கொடுத்தால், டையோடு, கெப்பாசிட்டர் தாண்டி ஏறக்குறைய 34 வோல்ட் பிளஸ், 34 வோல்ட் மைனஸ். அதில் 30 வோல்ட் அளவுக்கு ஸ்பீக்கர்வரை போனால் 8 ஓமில் 56 வாட்ஸ். அவ்வளவுதான் அந்த டிரான்ஸ்பார்மரால் முடியும். மீதியெல்லாம் போர்டு அச்சடித்தவரின் கற்பனை. பி.எம்.பி.ஓ. வாட்ஸ் என்று ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம்.

வாட்ஸ் போதவில்லை என்று பெரிய டிரான்ஸ்பார்மரை மாட்டினால் அங்கே இன்னொரு ஆபத்து. பலரும் வாங்கும் டி.டி.ஏ. 7294 ஐ.சி. தாங்குவது பிளஸ் மைனஸ் 40 வோல்ட்வரை. 32-0-32 கொடுத்தால் 45 வோல்ட்டாகிவிடும். ஐ.சி. வெடித்துத் தெறிக்கும் நேரத்தில் முகம் பக்கத்தில் இருக்கக் கூடாது. அதே ஐ.சி.யின் முதுகுத் தகடு உள்ளுக்குள் மைனஸ் சப்ளையோடு இணைந்திருக்கிறது. மைக்கா தாளும் ஸ்குரூவுக்குப் பிளாஸ்டிக் வாஷரும் இல்லாமல் ஹீட் சிங்கில் முறுக்கி, ஹீட் சிங்கைத் தகரப் பெட்டியில் முறுக்கினால் சப்ளை நேராக ஷார்ட்.

2எஸ்.சி. 5200, 2எஸ்.ஏ. 1943 டிரான்சிஸ்டர் ஜோடியை வாங்கும்போது விலை ஆச்சரியமாகக் குறைந்திருந்தால் உஷார். சந்தையில் போலி நிறைய. வெளியே அதே எழுத்து, அதே உடம்பு, உள்ளே கடுகளவு சிலிக்கான். டி.வி.யில் பாட்டுக் கேட்கிறவரை தாங்கும். பேஸ் கிட்டாரில் ஒரு கம்பியை அடித்துத் தட்டினால் எழும் முதல் அதிர்வில் ஷார்ட்டாகும். ஷார்ட்டான டிரான்சிஸ்டர் 34 வோல்ட் டி.சி.யை நேராக ஸ்பீக்கர் காயிலில் கொட்டும். 8 ஓம் என்று வைத்தாலும் நூற்று நாற்பது வாட்ஸ் சூடு, சத்தமே இல்லாமல். காயில் கருகும், பேப்பர் கோன் பற்றும், பெட்டிக்குள் அடைத்த பஞ்சு எரியும். எனவே ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு இல்லாத ஆம்ப் ஆம்பே இல்லை. யூ.பி.சி. 1237 ஐ.சி.யும் ஒரு ரிலேயும் உள்ள சின்ன போர்டு அது. டி.சி. வந்தால் ஸ்பீக்கரைக் கழற்றிவிடும்.

சத்தம் அமுங்கிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் வாட்ஸ் குறைவு அல்ல. ஹோம் தியேட்டர் போர்டின் இன்புட் சில பத்து கிலோ ஓம்தான். பேஸ் கிட்டாரின் பிக்கப் கேட்பது 1 மெகா ஓம் அளவு. நடுவில் டி.எல். 072 ஐ.சி.யில் ஒரு சின்ன பிரீ ஆம்ப் போட்டால் அமுங்கல் போய்விடும். இதைத் தெரியாமல் வால்யூமை முறுக்கி முறுக்கித்தான் போர்டைச் சுடுகிறோம்.

வால்வு ஆம்ப் ஆசை சிலருக்கு உண்டு. 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. 300 வாட்ஸ் வால்வு ஆம்ப், உலக மேடைகளில் பேஸ் சத்தத்தையே மாற்றியது. ஆசைப்படுங்கள், ஆனால் கட்டாதீர்கள். அதற்குள் ஓடுவது பல நூறு வோல்ட் டி.சி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். முதல் ஆம்பாக வால்வு ஆம்ப் கட்டுவது தற்கொலைக்குச் சமம்.

முதல் ஸ்விட்ச்: பல்பு வழியாக மட்டும்

கட்டி முடித்ததும் நேராகச் சுவரில் சொருகாதீர்கள். பழைய ரேடியோ மெக்கானிக்குகள் எல்லோரிடமும் சீரிஸ் பல்பு இருக்கும். 60 அல்லது 100 வாட்ஸ் குண்டு பல்பு, ஆம்புக்கு முன்னால் சீரிஸாக. எல்.இ.டி. பல்பு உதவாது. ஸ்விட்ச் போட்டதும் பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். இந்தப் பலகையையும் தெரிந்தவர் கட்டிக்கொடுக்கட்டும்.

அதற்கும் முன்னால், பிளக் வெளியே இருக்கும்போதே மல்டிமீட்டரில் இதைப் பாருங்கள். பிளக்கின் எர்த் பின்னுக்கும் ஆம்பின் தகரத்துக்கும் நடுவே 1 ஓமுக்குக் கீழ் இருக்க வேண்டும். கிட்டாரை மாட்டிவிட்டு அதன் பிரிட்ஜையும் தொட்டுப் பாருங்கள், அதுவும் அப்படியே. லைன், நியூட்ரல் பின்னுக்கும் தகரத்துக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. ஒயர்மேனிடம் மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) இருந்தால் 500 வோல்ட்டில் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள்.

எர்த் ஒயரைத் தகரத்தில் பெயின்ட் சுரண்டிய இடத்தில், அதற்கென்றே ஒரு போல்ட்டில், நட்சத்திர வாஷரும் இரண்டாவது நட்டும் போட்டு முறுக்குங்கள். பேஸ் ஆம்பில் இது அதிமுக்கியம். பேஸின் அதிர்வே நட்டைக் கழற்றும், பற்றவைப்பை உடைக்கும். அதனால்தான் ஆம்பையும் ஸ்பீக்கரையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள் என்கிறேன். இரண்டையும் தனித்தனியாக வையுங்கள்.

ஸ்பீக்கரை மாட்டுமுன் அவுட்புட்டில் டி.சி. அளக்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மட்டும் மாட்டுங்கள். கெப்பாசிட்டரின் பிளஸ், மைனஸைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை பாருங்கள். மாற்றிக் கொடுத்த கெப்பாசிட்டர் பட்டாசாக வெடிக்கும், கண் போகும்.

கடைசியாக ஒரு கெட்ட பழக்கம். ஸ்பீக்கர் ஒயரின் முனையில் கரண்ட் பிளக்கை மாட்டி, ஆம்பின் பின்னால் கரண்ட் சாக்கெட்டை வைப்பது. மைக் செட் வேலையில் இன்றும் பார்க்கலாம். இருட்டில் யாரோ ஒரு பையன் அந்தப் பிளக்கைச் சுவரில் சொருகினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கான் கனெக்டர் மட்டும்.

பெட்டி: இங்கே தைரியமாக இறங்கலாம், கொஞ்சம் கவனத்தோடு

மர வேலையில் தப்பினால் சத்தம் கெடும், உயிர் போகாது. ஆகவே கை வண்ணத்தை இங்கே காட்டுங்கள்.

மிளகுக் கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரம் மலையெங்கும் இருக்கிறது என்பதற்காகப் பச்சைப் பலகையை அறுத்துப் பெட்டி செய்யாதீர்கள். காய்ந்ததும் முறுக்கிக்கொண்டு விரிசல் விடும், காற்றுக் கசியும். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் தரும். எம்.டி.எஃப். பலகை மலைப் பனிக்கு உப்பிப்போகும். அறுக்கும்போது அதன் தூள் நெஞ்சுக்குக் கெடுதல், மாஸ்க் இல்லாமல் அறுக்காதீர்கள். ஐ.எஸ். 303 முத்திரையுள்ள பி.டபிள்யூ.ஆர். பிளைவுட், 18 மி.மீ. கனம், இதுதான் இங்கே ஏற்றது.

12 அங்குல ஸ்பீக்கருக்கு வெளி அளவு 60, 45, 40 செ.மீ. என்று பெட்டி செய்தால் உள்ளே ஏறக்குறைய 85 லிட்டர் காற்று இருக்கும். பலகை மட்டுமே 15 கிலோ வரும். ஸ்பீக்கரும் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டும். கைப்பிடியைச் சின்ன ஸ்குரூவில் மாட்டாமல் போல்ட்டில் மாட்டுங்கள். நாற்காலி மேல் பெஞ்ச், பெஞ்ச் மேல் பெட்டி என்று அடுக்காதீர்கள். பேஸ் அதிர்வில் பெட்டி நகரும், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது குழந்தைகள்.

ஓட்டை விட்ட பெட்டி அதிகம் அதிரும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் ஓட்டையின் அகலமும் நீளமும் ஸ்பீக்கரின் குணத்துக்குப் பொருந்த வேண்டும். அந்தக் கணக்கை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் தொடங்கிவைத்தார், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் முழுமையாக்கினார். ஸ்பீக்கர் டப்பாவில் அந்தத் தீல்-ஸ்மால் எண்கள் இல்லையென்றால் ஓட்டை விடவே வேண்டாம். தப்பான ஓட்டையில், தாழ்ந்த சுரத்துக்கு ஸ்பீக்கர் பேப்பர் பிடிமானமில்லாமல் முன்னும் பின்னும் பாய்ந்து கிழிந்துவிடும். மூடிய பெட்டி தப்பை மன்னிக்கும். முதல் பெட்டி மூடியதாகவே இருக்கட்டும்.

இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைப் பேரலலாக இணைத்தால் 4 ஓம். இரண்டு 4 ஓம் இணைத்தால் 2 ஓம், பெரும்பாலான போர்டு அதில் எரியும். இன்னொன்று, கிட்டார் கேபிளை ஸ்பீக்கர் ஒயராகப் பயன்படுத்தாதீர்கள். அது மெல்லியது, சூடேறும்.

கரண்ட் இல்லாத நேரத்துக்கு பைக் பேட்டரி, பழைய லேப்டாப் செல் என்று போவோர் கவனிக்க. 12 வோல்ட் பேட்டரியில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சாதாரண கிளாஸ் டி போர்டு கொடுப்பது இருபது வாட்ஸுக்குள்தான், அதற்கு மேல் எழுதியிருந்தால் பொய். பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள், இல்லாவிட்டால் ஒயர் உரசினால் ஒயரே நெருப்பாகும். பழைய லித்தியம் செல்லை நீங்களே பற்றவைத்துப் பேக் செய்யாதீர்கள்.

சத்தம், இடி

இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. குடியிருப்பில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. பேஸ் சத்தத்தின் அலை நீளம் ‘இ’ கம்பியில் 8 மீட்டருக்கும் மேல், ஓட்டு வீட்டுச் சுவர் அதைத் தடுக்காது. அடுத்த ஊர்க் கிழவிக்கும் கேட்கும். 100 டெசிபலில் கால் மணி நேரத்துக்கு மேல் நின்றால் உங்கள் காதுக்கே கேடு.

இடி மின்னல் தொடங்கினால் வாசிப்பை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்குங்கள். மலை உச்சியில் மின்கம்பி வழியே வரும் மின்னலுக்கு ஸ்விட்ச் ஒரு தடையே கிடையாது.

யாருக்காவது அடித்துவிட்டால்

கிட்டாரோடு ஒட்டிக்கொண்டு நடுங்குகிறவரைத் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் ஒயரைத் தள்ளுங்கள். மூச்சும் அசைவும் இல்லையென்றால் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையும் வைத்து, 5 செ.மீ. இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. எழுந்து உட்கார்ந்து ‘ஒன்றுமில்லை’ என்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இதயத் துடிப்பைப் பார்க்க வேண்டும். செம்மேட்டைத் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவு இறங்கியாக வேண்டும். கீழே உள்ளவருக்குக் கிடைக்கும் நிமிடங்கள் மலையில் உள்ளவருக்குக் கிடைக்காது. குழுவில் ஒருவராவது நெஞ்சை அழுத்தும் முறையைக் கற்றிருக்க வேண்டும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு என் தீர்ப்பு இது. பெட்டியை நீங்களே கட்டுங்கள், அழகாகக் கட்டுங்கள். ஆம்பை, எர்த் பின்னோடு வரும், வாரன்டி உள்ள கம்பெனிப் பொருளாக வாங்குங்கள். பழையதானாலும் சரி, குழுவே சேர்ந்து காசு போட்டு வாங்கினாலும் சரி. அதற்கும் வழியில்லாமல் கட்டித்தான் ஆகவேண்டும் என்றால், 230 வோல்ட் தொடும் பகுதியை மட்டும் தொழில் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். கூலி கேட்டால் பேரம் பேசாதீர்கள்.

பெற்றோர்களே, பையன் அறையிலிருந்து ‘டும் டும்’ கேட்டால் சத்தத்தைக் குறைக்கச் சொல்வதற்கு முன்னால் பிளக்கைப் பாருங்கள். எர்த் பின் வெட்டியிருந்தால், அந்தப் பிளக் இன்றைக்கே குப்பைக்குப் போகட்டும். ஒயர்மேன் வந்து எர்த்தை அளந்து, ஆர்.சி.சி.பி. மாட்டும்வரை கிட்டார் உறையிலேயே இருக்கட்டும்.